ஹேசல் சுமந்த சம்மதங்கள்

செய்தி வந்தபோது காலை ஏழேகால். கார்னமுல்லன் கல்லூரியின் முதல்வர் மால்கம் நெஸ்பிட் வீட்டு வாசலில் நின்று, காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அலைபேசியில் வந்த பெயர் யூஜின் பிரெஸ்லின். ஏரிக்கரைக் கல்லூரியின் முதல்வர். இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

“ஹேசல் போயிட்டாங்க, மால்கம்.”

“எங்க போயிட்டாங்க?”

மறுமுனையில் யூஜின் மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகுதான் மால்கமுக்கு விளங்கியது.

ஹேசல் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் சமையலறையிலேயே சாய்ந்துவிட்டார். கணவர் ஃபெர்கல் அப்போது மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தாராம். ஹேசலுக்கு அறுபத்து மூன்று வயது. இதயம்.

“அப்ப நாளைக்குக் கூட்டம்?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக மால்கம் கூசிப்போனார்.

“கூட்டமா? யாரு நடத்துவா? நாளைக்கு எல்லாரும் அவங்க வீட்லதான் இருப்போம்.”

அலைபேசியை வைத்த பிறகு மால்கம் கண்ணாடியின் மிச்சப் பாதியைச் சுரண்டாமல் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அதே இருக்கையில் உட்கார்ந்துதான் அவர் ஹேசலிடம் ‘சரி’ என்று சொல்லியிருந்தார். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

ஹேசல் கோர்ம்லி என்ற பெயரைக் கேட்டதும் வட அயர்லாந்தில் எவரும் ஒரு கணம் தடுமாறுவார்கள். ஹேசல் என்பது புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெயர். கோர்ம்லி என்றால் கத்தோலிக்கக் குடும்பம். ஒருவரைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் எந்தப் பக்கம் என்று பெயரையும் படித்த பள்ளியையும் வைத்துக் கணித்துவிடுகிற ஊர் இது. ஹேசலிடம் அந்தக் கணக்கு எப்போதும் பாதியிலேயே நின்றுவிடும். “ரெண்டு காலையும் ரெண்டு படகுல வெச்சிருக்கேன், தண்ணில விழாம இருக்கறதுதான் என் உத்தியோகம்” என்பார்.

பிறந்தது ஒரு பால்பண்ணைக்காரர் வீட்டில். அப்பா ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்கூடப் பிரிக்காத, கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவான பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர். பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தட்டச்சு படிக்க ஹேசல் ‘டெக்’கில் சேர்ந்தார். குழாய் வேலை, மின்வேலை, தச்சு, சமையல், முடியலங்காரம் என்று கையில் ஒரு தொழிலோடு வெளியே அனுப்பும் வட்டாரக் கல்லூரிகளுக்கு ஊரார் வாயில் இன்றும் டெக் என்றுதான் பெயர். அன்றைய நாட்களில் பள்ளிகள் தனித்தனி, மதுக்கடைகள் தனித்தனி, பேருந்தில் உட்காரும் இடம்கூட ஏறக்குறைய தனித்தனி. டெக்கின் உணவறையில் மட்டும் வரிசை ஒன்றுதான். அந்த வரிசையில் ஹேசலுக்கு முன்னால் நின்ற பையன் கடைசி ஆப்பிள் கேக்கை எடுத்துக்கொண்டான்.

“அது என்னோடது” என்றாராம் ஹேசல்.

“பேர் எழுதி வெச்சிருக்கா?”

“என்ன பேர்னு சொன்னா நீ எந்தப் பக்கம்னு தேடுவ. பாதி வெட்டிக் குடு.”

பாதி வெட்டிக் கொடுத்தவன்தான் குழாய் வேலை படிக்க வந்த ஃபெர்கல் கோர்ம்லி. கல்யாணத்துக்கு ஹேசலின் அப்பா வரவில்லை. ஃபெர்கலின் அம்மா வந்தார், ஆனால் உடனே கிளம்புகிறவர் போலக் கோட்டைக் கழற்றவே இல்லை. இந்தக் கதையை ஹேசல் பலமுறை சொல்லி மால்கம் கேட்டிருக்கிறார். ஒருமுறைகூட அதில் யாரையும் அவர் குறை சொன்னதில்லை. கோட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், “ஹாலும் குளிராத்தான் இருந்துச்சு” என்று சேர்த்துக்கொள்வார்.

டெக்குகள் எல்லாம் சேர்ந்து வட்டாரக் கல்லூரிகள் கூட்டமைப்பைத் தொடங்கியபோது ஹேசல் அங்கே தட்டச்சாளராகப் போனார். பெல்ஃபாஸ்ட்டில் ஒரு கம்பளக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். அந்த அமைப்புக்கு அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி நிர்வாகக் குழு உண்டு, தனி ரோஷமும் உண்டு. எல்லாக் கல்லூரிகளும் ஒரே குரலில் சொல்லும் விஷயத்தை மட்டும் கூட்டமைப்பு அரசுத் துறையிடம் எடுத்துப் போகும். ஒரு கல்லூரி முகம் திருப்பினாலும் கூட்டமைப்பு வாய் திறக்காது. துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லூரிகள் ஒத்துப்போகவில்லை என்றால் அவர்களுக்கு வேலை சுலபம், தாங்கள் முன்பே நினைத்ததைச் செய்துவிட்டுப் போகலாம்.

தலைமை நிர்வாகிகள் வந்தார்கள், பிரிவுபசாரத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஹேசல் இருந்தார். கடைசியில் அவருக்கு ‘உறுப்பினர் உறவு மேலாளர்’ என்று ஒரு பதவி கொடுத்தார்கள். “கல்யாணத் தரகர்னு போட்டிருந்தா அட்டையில எடம் மிச்சமாயிருக்கும்” என்றார்.

கூட்டத்தில் முதல் ஆளாகச் சம்மதம் சொல்ல இந்த ஊர் முதல்வர்கள் யாரும் துணிவதில்லை. முதலில் சரி என்பவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார், அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி அவருடைய நிர்வாகக் குழுவின் காதுக்குப் போயிருக்கும். ஹேசல் இதை மாற்ற முயன்றதே இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாட்களில் ஒவ்வொருவரையும் தனியாக அழைப்பார். ஆட்டுக்குட்டிகள் எப்படி, பேத்தியின் நடனப் போட்டி என்ன ஆயிற்று, முழங்கால் வலி தேவலையா என்று தொடங்கி, எங்கோ நடுவில் அவர்களுடைய ‘சரி’யை வாங்கிக்கொள்வார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். கூட்டத்தன்று எல்லோரையும் சாண்ட்விச் தின்னவைத்த பிறகு, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொல்வார்: “எல்லாரும் ஏறக்குறைய ஒரே எண்ணத்துலதான் இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். வேற ஏதாவது இருக்கா?”

வேறு ஒன்றும் இருக்காது. யாரும் முதலில் சொல்லவில்லை, யாரும் தோற்கவில்லை. ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் விவகாரம் டிரம்கார்வி. யூஜினின் கல்லூரிக்கு ஏரிப்பக்கம் இருந்த சின்னத் தொழிற்கூடம். சுற்று வட்டாரப் பிள்ளைகள் குழாய் வேலையும் மின்வேலையும் படிக்க அதை விட்டால் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். எண்ணிக்கை குறைவு என்று துறை அதை மூடப் பார்த்தது. மூடினால் மாணவர்கள் கார்னமுல்லனுக்கு, மால்கமின் கல்லூரிக்கு, மாற்றப்படுவார்கள். அவர்களுக்காக அங்கே புதிய தொழிற்கூடம் கட்டித் தரப்படும். கல்லூரிகளின் கூட்டுக் கருத்து வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வர வேண்டும், வராவிட்டால் திட்டம் அப்படியே நடக்கும்.

மால்கம் கெட்டவர் இல்லை. அவருடைய பழைய தொழிற்கூடத்தில் மழை பெய்தால் வெல்டிங் வகுப்பை நிறுத்த வேண்டியிருந்தது. புதிய கட்டடத்துக்காகப் பல வருடங்கள் நடையாய் நடந்தவர் அவர். அவருடைய நிர்வாகக் குழுத் தலைவர் உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டடத்தின் படத்தையே போட்டுவிட்டார். யூஜினோ, ஒரு மாணவனைக்கூட விடமாட்டேன் என்று மேசையைத் தட்டியிருந்தார்.

திங்கட்கிழமை மாலை ஹேசல் அழைத்தபோது மால்கம் கல்லூரியிலிருந்து திரும்பி, காரை வாசலில் நிறுத்தியிருந்தார்.

“மொத வருசப் பிள்ளைங்க டிரம்கார்வியிலயே இருக்கட்டும். பதினாறு வயசுல ஒன்றரை மணி நேரம் பஸ்ல போகச் சொன்னா, போகாம வீட்லயே கெடப்பாங்க. ரெண்டாவது மூணாவது வருசம் உங்ககிட்ட வரட்டும். அதுக்குள்ள பாதிப் பேரு கார் ஓட்டக் கத்துக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கும் கட்டடம் உண்டு.”

“பாதிக் கட்டடம்.”

“கூரை முழுசா இருக்கும் மால்கம். இப்ப உங்களுக்கு அதுவும் இல்லையே.”

“யூஜின் என்ன சொல்றான்?”

“யூஜின் சொல்றத யூஜின்கிட்ட கேளுங்க. நீங்க சொல்றதயும் நான் அவர்கிட்ட சொல்லப் போறதில்ல.”

மால்கம் தொண்டையைச் செருமினார். வெகுநேரம் செருமினார்.

“இது சரின்னு சொல்றீங்களா, இல்ல வெறும் இருமலா?” என்றார் ஹேசல்.

“சரிதான். சரின்னே வெச்சுக்கோங்க.”

“வெச்சுக்கிட்டேன். போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்.”

செவ்வாய்க்கிழமை கல்லூரியில் துணை முதல்வர் கீத் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். மால்கம் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

“ஹேசல்கிட்ட சொன்னது வேற யாருக்காவது தெரியுமா?” என்றார் கீத்.

“அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க.”

“அப்ப நீங்க சொல்லவே இல்ல.”

“சொன்னேனே.”

“அவங்க நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா இப்ப யாரும் வாயத் தொறக்கலைன்னா வெள்ளிக்கிழமை தானா தாண்டிரும். முழுக் கட்டடம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். துக்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்க, அவ்வளவுதான்.”

கீத் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் மால்கமை அரித்தது.

புதன்கிழமை பிற்பகல் கோர்ம்லி வீட்டுக்கு முன்னால் இருந்த வயல் முழுக்கக் கார்கள். முன்னறையில் திறந்த பெட்டியில் ஹேசல் படுத்திருந்தார். கூட்டங்களுக்குப் போடும் நீல ஜாக்கெட். ஒரு நாற்காலியில் பாதிரியார், எதிர் நாற்காலியில் பிரெஸ்பிட்டேரியன் போதகர், இருவர் மடியிலும் தேநீர்த் தட்டு. ஹேசல் உயிரோடு இருந்திருந்தாலும் அவர்களை இப்படித்தான் உட்காரவைத்திருப்பார் என்று மால்கமுக்குத் தோன்றியது.

ஃபெர்கலின் கையைப் பிடித்து, “மனசே சரியில்ல, ஃபெர்கல்” என்றார்.

“வந்தீங்களே, அது போதும். உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்லுவா. கேட்டுட்டேன்.”

கொல்லைப்புறத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். சாலையில் பனி எப்படி, யார் எந்த வழியாக வந்தார்கள், சாண்ட்விச்சில் முட்டைக்கு வெங்காயம் சேர்த்தது நல்லதா என்பதைப் பற்றிப் பேசினார்கள். துக்க வீட்டில் அலுவல் பேசுவது மரியாதை இல்லை. வெள்ளிக்கிழமை எல்லோர் தலைக்கு மேலும் நின்றது, ஒருவரும் அதைத் தொடவில்லை. யூஜின் அழுது முகம் வீங்கியிருந்தார். மால்கமைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு கன்செப்டா டூகன் தேநீர்க் குடுவையோடு கதவருகில் வந்து நின்றார். அன்று அந்தச் சமையலறை அவர் ஆட்சியில் இருந்தது.

“ஏன் தம்பிகளா, எல்லாரும் வெறகு அடுக்குன மாதிரி இங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க. குளிர்ல நின்னு நீங்களும் சாஞ்சா எங்கிட்ட அவ்வளவு பலகாரம் இல்ல.”

‘தம்பிகளில்’ இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எல்லோரும் சமையலறைக்குள் போனார்கள். கன்செப்டா மேசை மேல் ஒரு தட்டு கேக்கை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். கடற்கரைக் கல்லூரி முதல்வர் ரூத் மக்கிப்பன் மட்டும் உட்கார்ந்தார். மற்றவர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள்.

ஃபெர்கல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன, கூட்டமா?”

“சேச்சே, இல்ல ஃபெர்கல்” என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில்.

“இருந்தா தப்பில்ல. அவ இருந்திருந்தா இன்னிக்கு உங்களோடதானே உக்காந்திருப்பா. வீட்டையே கூட்டமாத்தான் வெச்சிருந்தா. எங்க அம்மாவும் அவ அப்பாவும் கடைசில ஒரே சோஃபால உக்காந்து குதிரைப் பந்தயம் பாத்தாங்க, தெரியுமா? எப்படிப் பண்ணினான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.” கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ரூத் கேக்கின் ஓரத்தைக் கிள்ளினார். இந்த இடத்தில்தான் ஹேசல் கோப்பையைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தைச் சொல்வார். அதைச் சொல்ல வேறு யாருக்கும் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. யாருக்கு என்ன சம்மதம் என்பதும் தெரியாது. தெரிந்தவர் முன்னறையில் இருந்தார்.

மால்கமுக்குக் கீத் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசாமல் நின்றால் போதும். கட்டடத்தின் படம், தலைவரின் முகம், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் வைத்த வாளிகள், எல்லாம் வந்தன. முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு கூட்டத்திலும் அவர் முதலில் பேசியதில்லை. நன்றி சொல்வதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வார்.

“திங்கக்கிழமை சாயங்காலம் நான் ஹேசல்கிட்ட சரின்னு சொன்னேன்” என்றார் மால்கம். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “மொத வருசம் டிரம்கார்வியிலயே இருக்கட்டும்னு. மத்த ரெண்டு வருசம் மட்டும் எனக்கு. பாதிக் கட்டடம் போதும்னேன். உங்களுக்கெல்லாம் தெரியாது. இப்ப தெரிஞ்சுக்கோங்க.”

யூஜின் சுவரை விட்டு நகர்ந்தார்.

“ரெண்டாவது, மூணாவது வருசத்த விட்டுத் தரேன்னு நான் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்.”

“நீயா?”

“நான்தான். சர்ச்ல இருந்து வந்து ஷூவக் கழட்டல, கூப்பிட்டாங்க.”

“மேசையத் தட்டினியே.”

“அது அதுக்கு முந்தின வாரம்.”

“நான் போன வெள்ளிக்கிழமை” என்றார் ரூத். “எனக்கு இதுல நட்டமும் இல்ல லாபமும் இல்ல. ஆனா மொத ஆளா நான் ஏன் சொல்லணும்னு இருந்தேன்.”

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் நாளைச் சொன்னார்கள். ஒருவர் ஹேசலிடம் பல் வைத்தியரின் நாற்காலியில் இருந்தபடியே சம்மதம் சொல்லியிருந்தார், வாய் மரத்திருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்ததாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ஹேசல் கெட்டிலைப் போட்ட நேரத்தில், எல்லாச் சம்மதமும் அவரிடம் சேர்ந்துவிட்டிருந்தது. அவர்களோ ஆளுக்கொரு சரியை வைத்துக்கொண்டு எண்ணெய்த் தொட்டியருகே வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யூஜின் சிரித்தார். பிறகு மறுபடி அழுதார். மால்கம் கைக்குட்டையை நீட்டினார்.

“சுத்தமானதா?” என்றார் யூஜின்.

“ஏறக்குறைய.”

ரூத் தன் அலைபேசியில் துறைக்கு அனுப்ப வேண்டிய கூட்டுக் கருத்தின் வரைவை அடிக்கத் தொடங்கினார். ஹேசல் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அவர் தொலைபேசியில் சொன்னதை அவரவர் நினைவிலிருந்து சொல்ல, துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. பேருந்து நேரத்தைப் பற்றி யூஜினிடம் சொல்லியிருந்தார், கூரையைப் பற்றி மால்கமிடம், துறைக்கு எதைச் சொன்னால் கோபம் வராது என்பதை ரூத்திடம். கன்செப்டா இரண்டு முறை வந்து குடுவையை நிரப்பிக்கொண்டு போனார்.

“என்ன தம்பி, பாட்டு எழுதுறீங்களா?” என்றார் இரண்டாம் முறை.

வியாழக்கிழமை அடக்கம். தேவாலய வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெட்டியை ஆட்கள் மாற்றி மாற்றித் தோளில் சுமந்தார்கள். உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பது அடக்க ஏற்பாடு செய்பவரின் வேலை. அவர் மால்கமையும் யூஜினையும் பார்த்தார், யூஜின் ஒரு சாண் குட்டை என்று தலையை ஆட்டி மால்கமை வேறொருவரோடு சேர்த்தார். யூஜின் பின்னால் நடந்து வந்தார். வழி நெடுக டெக்குகளின் பழைய மாணவர்கள், தட்டச்சு வகுப்புத் தோழிகள், கம்பளக் கடைக்காரர், துறையிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள். இவ்வளவு பேரையும் ஹேசல் எப்போது அழைத்துப் பேசினார், தன் வீட்டுச் சமையலை எப்போது செய்தார் என்று மால்கம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டுக் கருத்து துறைக்குப் போனது. அன்று மாலையே மால்கமின் நிர்வாகக் குழுத் தலைவர் அழைத்து, பத்திரிகைக்காரனுக்கு இனி என்ன பதில் சொல்வது என்று கத்தினார். படத்தைப் பாதியாக மடித்துக் காட்டுங்கள் என்றார் மால்கம். ஹேசல் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அலைபேசியை வைத்த பிறகு தோன்றியது. வசந்தத்தில் துறை ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் டிரம்கார்வியின் முதலாண்டுக் குழாய் வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் மிதிவண்டியில் வந்தவர்கள்.

கம்பளக் கடை மாடியில் ஹேசலின் கணினியை அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். யூஜின் மேசையைத் தட்டிய ஜனவரிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அவர் நான்காம் பொருள் வரை தட்டச்சு செய்திருந்தார். ஐந்தாம் பொருளுக்கு ‘டிரம்கார்வி’ என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது.